மரபுவழிப் பெருங்குடல் புற்றுநோய்: அடையாறு ஆய்வு

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் தொடங்கிய சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில், மூலக்கூறு புற்றுநோயியல் துறைத் தலைவராக இருந்த டாக்டர் டி. ராஜ்குமாரும் அவரது குழுவினரும் மேற்கொண்ட மரபணு ஆய்வு இது. மரபுவழிப் புற்றுநோய்க்கென இந்தியாவில் முழுமையாக அமைந்த முதல் மருத்துவ நிலையத்தின் செயல்பாட்டை இக்குழு 2005-இல் ஆய்விதழில் விவரித்தது.

பின்னணி: 1895-இல் அமெரிக்கத் தையற்காரப் பெண் ஒருவர், தம் குடும்பத்தினரைப் போலவே தாமும் புற்றுநோயால் இறப்பேன் என்று மருத்துவர் ஆல்ட்ரெட் வார்தினிடம் கூறினார், அவ்வாறே கருப்பைப் புற்றுநோயால் இறந்தார். அக்குடும்ப வரலாற்றைப் பின்னர் தொடர்ந்து ஆராய்ந்தவர் ஹென்றி லிஞ்ச். பெருங்குடல், கருப்பைப் புற்றுநோய்கள் குடும்பத்தில் மரபுவழியாக வரும் இந்நோய்நிலை, அவர் பெயரால் ‘லிஞ்ச் நோய்க்குறித்தொகுதி’ எனப்படுகிறது.

காரணம்: செல் பிரியும்போது டிஎன்ஏ நகலில் நேரும் எழுத்துப்பிழைகளைத் திருத்தும் எம்எல்எச்1, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6, பிஎம்எஸ்2 ஆகிய மரபணுக்களுள் ஒன்று பழுதுபடுவது. பழுதுள்ள தாய் அல்லது தந்தையிடமிருந்து ஆண், பெண் எந்தக் குழந்தைக்கும் அது வந்துசேரும் வாய்ப்பு 50 விழுக்காடு.

ஆய்வுமுறை: முதலில் குடும்ப மரம் வரையப்படும், யாருக்கு, எந்த உறுப்பில், எந்த வயதில் புற்று வந்தது என்பது அதில் குறிக்கப்படும். மரபணு ஆலோசனைக்குப் பின், நோயுற்றவரின் இரத்தத்தில் பழுது தேடப்படும். கண்டறியப்பட்டால் உறவினருக்கும் அதே சோதனை செய்யலாம்.

பயன்: பழுது உள்ளோர் பொதுவாக 20–25 வயதிலிருந்து 1–2 ஆண்டுக்கு ஒருமுறை கொலனோஸ்கோப்பி (பெருங்குடல் உள்நோக்கிச் சோதனை) செய்துகொண்டால், புற்றாக மாறுமுன்பே கட்டிகளை அகற்றலாம். பழுது இல்லாத உறவினர் வீண் அச்சத்திலிருந்து விடுபடுவர். உயிர்காக்கும் இச்செய்தியை உறவினரிடம் மறைக்காமல் சொல்வதே முதல் சிகிச்சை.