பிரௌசரின் மெமரி கணக்கும் நான் கேட்க வேண்டிய மன்னிப்பும்

இன்றைக்குக் கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டு எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

போன வாரம் என் லேப்டாப் இழு இழு என்று இழுத்தது. 4 ஜிபி ரேம் உள்ள பழைய பெட்டி. ஒரு எழுத்து தட்டினால் அரை நிமிடம் கழித்து வருகிறது. அண்ணன் மகன் எட்டிப் பார்த்துவிட்டு, "அத்தை, இந்த பிரௌசர்தான் ரேமையெல்லாம் முழுங்குது. தூக்கிப் போட்டுட்டு வேற போடுங்க, இல்லாட்டி புதுசு வாங்கிடுங்க" என்றான். "எது முழுங்குதுன்னு பார்த்தியா?" என்றேன். "எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க" என்றான்.

அந்த பதில் எனக்குப் பழைய ஒன்றை ஞாபகப்படுத்தியது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் பிரௌசரின் கதை.

1990இல் ஸ்விட்சர்லாந்தின் செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ முதல் பிரௌசரை எழுதியபோது, பக்கம் என்றால் படிக்கும் காகிதம் போலத்தான். 1993இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வந்த மொசைக், எழுத்துக்கு நடுவிலேயே படத்தையும் காட்டியது. 1995இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் முதல் வடிவத்தை எழுதினார். அதன்பின் பக்கம் வெறும் காகிதமாக இல்லை. உள்ளே ஓடும் ஒரு புரோகிராம் ஆகிவிட்டது. புரோகிராம் ஓட ஓட மெமரி கேட்கும். வேலை முடிந்ததும் அதைத் திருப்பித் தர வேண்டும். தராமல் விட்டால் அதற்குப் பெயர் மெமரி லீக்.

இது புரிய, நம் பள்ளி நூலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பீரோ, ஒரு பதிவேடு. புத்தகம் எடுத்தவர் படித்து முடித்தும் திருப்பவில்லை என்றால் அடுத்தவருக்குக் கிடைக்காது. இன்னொரு சிக்கலும் உண்டு. இரண்டு பாகம் கொண்ட ஒரு நாவலில் முதல் பாகம் என்னிடம், இரண்டாம் பாகம் தமிழய்யாவிடம். அவர் தரட்டும் என்று நானும், நான் தரட்டும் என்று அவரும் காத்திருந்தோம். இருவருமே படிக்கவில்லை. இரண்டும் பீரோவுக்குத் திரும்பவும் இல்லை.

2001இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6இல் நடந்தது இதேதான். ஜாவாஸ்கிரிப்ட் பொருள்களுக்கு ஒரு கணக்குமுறை, பக்கத்திலுள்ள பட்டன், படம் போன்றவற்றுக்கு வேறொரு கணக்குமுறை. அதுவும் இதுவும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டால், இரண்டு கணக்கும் "இன்னும் தேவைப்படுகிறது" என்றே காட்டும். பக்கத்தை விட்டுப் போன பிறகும் அந்த இடம் காலியாகாது.

2004 நவம்பர் 9இல் ஃபயர்ஃபாக்ஸ் 1.0 வந்தது. 2005இல் வந்த 1.5 பதிப்பில், பின்னோக்கிப் போகும் பட்டனை அழுத்தினால் பழைய பக்கம் சட்டென்று வருவதற்காக, பார்த்து முடித்த சில பக்கங்களை மெமரியிலேயே வைத்திருந்தார்கள். மெமரி ஏறுவதைப் பார்த்த மக்கள் "லீக்" என்றார்கள். செய்தவர்கள் "அது வசதிக்காக வைத்தது" என்றார்கள். இரு தரப்பிலும் பாதி உண்மை இருந்தது. வேண்டுமென்றே வைத்ததும் உண்டு, நிஜமான லீக்கும் உண்டு. எது எவ்வளவு என்று சாதாரண ஆள் பிரித்துப் பார்க்க வழியில்லை. அதனால் சண்டை ஓயவில்லை.

2008இல் இரண்டு நல்ல காரியங்கள் நடந்தன. ஜூனில் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 3இல், நானும் தமிழய்யாவும் போல ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்பவற்றைத் தேடி விடுவிக்கும் ஏற்பாடு சேர்ந்தது. மெமரியைப் பங்கிட்டுத் தர, ஜேசன் எவன்ஸ் ஃப்ரீபிஎஸ்டிக்காக எழுதிய ஜெமாலக் என்ற முறையையும் எடுத்துக்கொண்டார்கள். வகுப்பில் பத்து இடம் காலி, ஆனால் பெஞ்சுக்கு ஒன்றாகச் சிதறிக் கிடக்கிறது, நான்கு பேர் சேர்ந்து உட்கார இடமில்லை என்ற நிலைமை மெமரியிலும் வரும். அதைக் குறைப்பதற்கான ஏற்பாடு இது.

செப்டம்பர் 2ஆம் தேதி கூகுள் குரோம் வந்தது. அதன் உள்வேலையை விளக்க ஸ்காட் மெக்ளவுட் வரைந்த சித்திரக்கதை ஒன்றையும் வெளியிட்டார்கள். டேப்களைத் தனித்தனி அறைகளில் வைப்பதுதான் யோசனை. ஒவ்வொரு அறைக்கும் தனிச் சுவர், தனி விளக்கு என்று செலவு கூடத்தான் செய்யும். ஆனால் டேப்பை மூடி அந்த அறை காலியானால் அதன் மெமரி மொத்தமும் திரும்பி வந்துவிடும். எந்த அறை எவ்வளவு தின்கிறது என்று காட்ட பிரௌசருக்குள்ளேயே ஒரு டாஸ்க் மேனேஜரும் வைத்தார்கள்.

2011 மார்ச்சில் ஃபயர்ஃபாக்ஸ் 4 வந்தபோது மெமரி பற்றிய புகார்கள் மறுபடி கிளம்பின. அந்த ஜூனில் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த நிக்கோலஸ் நெதர்கோட், மொசில்லாவில் மெம்ஷ்ரிங்க் என்ற பணியைத் தொடங்கினார். புரோகிராம்களின் மெமரித் தவறுகளைக் கண்டுபிடிக்கும் வால்கிரைண்ட் என்ற கருவியில் முன்பே உழைத்தவர். அவர் செய்தது மந்திரம் ஒன்றும் இல்லை, கணக்கு எடுத்தார். "அபௌட் மெமரி" என்ற பக்கத்தை விரிவாக்கி, எதற்கு எத்தனை எம்பி போகிறது என்று கிளை கிளையாகக் காட்ட வைத்தார். எந்தத் தலைப்பிலும் சேராத மெமரியையும் மறைக்காமல் "வகைப்படுத்தாதது" என்று தனி வரியாகவே போட்டார்கள். அந்த வரியைச் சுருக்குவதே ஒரு வேலையாக நடந்தது. எனக்கு மிகவும் பிடித்தது அந்த நேர்மைதான்.

அந்த ஆண்டு செப்டம்பர் 27இல் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 7, முன்பைவிடப் பெரும்பாலும் 20 முதல் 30 சதவீதமும் சில சமயம் 50 சதவீதம் வரையும் குறைவாக மெமரி எடுப்பதாக மொசில்லா அறிவித்தது.

இந்தக் கணக்கெடுப்பில் இன்னொன்றும் தெளிவானது. மக்கள் தாங்களே ஆசைப்பட்டுச் சேர்த்துக்கொண்ட ஆட்-ஆன்கள் பல, மூடிவிட்ட பக்கங்களை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தன. திட்டு வாங்கியது பிரௌசர், புத்தகத்தை வீட்டில் வைத்திருந்தது ஆட்-ஆன். 2012 ஆகஸ்டில் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 15, டேப்பை மூடியதும் அந்தப் பிடியை பிரௌசரே அறுத்துவிடும்படி செய்தது. கைல் ஹியூயி செய்த அந்த ஒரு மாற்றத்தால் ஆட்-ஆன் லீக்குகளில் பெரும்பகுதி போய்விட்டது.

மெமரி கூடினாலே தப்பு என்றும் சொல்ல முடியாது. 2018 ஜனவரியில் ஸ்பெக்டர் என்ற பிராசஸர் பலவீனம் வெளியே தெரிந்தது. ஒரு தளம் இன்னொரு தளத்தின் ரகசியத்தை எட்டிப் பார்க்கலாம் என்ற பயம் வந்தது. அதனால் குரோம் 67இல் ஒவ்வொரு தளத்துக்கும் தனி அறை கொடுத்தார்கள். அதற்கு 10 முதல் 13 சதவீதம் கூடுதல் மெமரி ஆகும் என்று கூகுளே சொன்னது. அது பூட்டுக்குக் கொடுக்கும் விலை.

சரி, உங்கள் பிரௌசர் இழுத்தால் என்ன செய்வது? விண்டோஸ் குரோமில் ஷிஃப்டையும் எஸ்கேப்பையும் சேர்த்து அழுத்துங்கள், டாஸ்க் மேனேஜர் வரும். ஃபயர்ஃபாக்ஸில் முகவரிப் பட்டையில் ஆங்கிலத்தில் அபௌட், முக்காற்புள்ளி, பிராசஸஸ் என்று இடைவெளி இல்லாமல் தட்டுங்கள். மெமரி வரிசைப்படி அடுக்கிப் பாருங்கள். உடனே முடிவு கட்ட வேண்டாம். நீங்கள் எதையும் தொடாமல் பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள். ஓர் எண் ஏறிக்கொண்டே போனால் அதுதான் சந்தேகத்துக்குரியது. அந்த டேப்பை மூடியதும் மெமரி இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்காவிட்டால் ஆட்-ஆன்களை ஒவ்வொன்றாக நிறுத்திச் சோதியுங்கள். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் நிறுத்தினால் எது காரணம் என்று தெரியாமலே போய்விடும்.

நானும் அப்படித்தான் பார்த்தேன். ஒன்பது நாளாக மூடாமல் வைத்திருந்த ஒரு சமையல் குறிப்புப் பக்கம், தானாகவே விளம்பரங்களைப் புதுப்பித்துப் புதுப்பித்து 1 ஜிபிக்கு மேல் தின்றுகொண்டிருந்தது. மூடினேன். லேப்டாப் ஓடுகிறது. திறந்து வைத்தவள் நான்தான்.

இப்போது அந்தப் பழைய கதை. நான் வேலை பார்த்த ஒரு நடுநிலைப் பள்ளியில் நூலகப் பொறுப்பை எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனிடம் கொடுத்திருந்தேன். ஆண்டு முடிவில் எண்ணியபோது 31 புத்தகம் குறைந்தது. பீரோ சாவி அவனிடம்தானே இருந்தது என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் வகுப்பு முன்னால் அவனை நிற்க வைத்துக் கேட்டேன், சாவியை வாங்கிக்கொண்டேன். "நான் எடுக்கல டீச்சர்" என்று ஒரு தடவை சொன்னான். அதற்குமேல் பேசவில்லை.

கோடை விடுமுறையில் வீட்டு அலமாரியை ஒழித்தபோது ஆறு புத்தகம் என்னிடமே இருந்தது. பதிவேட்டில் எழுதாமல் எடுத்து வந்தவை. தமிழய்யாவிடமும் மற்ற ஆசிரியர்களிடமும் கேட்கக் கேட்க, ஒன்றிரண்டு தவிர மீதி எல்லாம் எங்களிடமிருந்தே வந்தது. அதற்குள் அவன் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு உயர்நிலைப் பள்ளிக்குப் போய்விட்டான். தேடிப் போய்ச் சொல்லியிருக்கலாம். நான் போகவில்லை.

தம்பி, உன் பெயரை இங்கே எழுத மாட்டேன். இதைப் படித்தால் உனக்குத் தெரியும். அன்று பதிவேட்டைப் பார்க்காமல், எல்லாரும் சொன்னதைக் கேட்டு உன்னை நிற்க வைத்தேன். தப்பு என்னுடையது. அந்த வகுப்பில் இருந்தவர்கள் பலர் இதைப் படிப்பீர்கள். அவன் எடுக்கவில்லை என்பதை உங்கள் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்