தூசி உறிஞ்சியின் சரித்திரமும் எங்க வீட்டுத் தறி ரூமும்

வீட்டுக்கு ஒரு வாக்யூம் கிளீனர் வாங்கணும்னு முடிவானா நம்மாளுங்க முதல்ல என்ன பண்ணுவோம்? எத்தனை வாட்ஸ், எத்தனை லிட்டர், என்ன விலைன்னு ஒரு எக்செல் ஷீட் போடுவோம். பொட்டி தட்டுறவன் புத்தி அப்படித்தான். நானும் போட்டேன். ஆனா அந்த ஷீட்டை நிரப்பறதுக்காகப் படிக்க ஆரம்பிச்சு, நூத்திருவது வருஷ சரித்திரத்துக்குள்ள போயிட்டேன். அதைத்தான் இந்தப் பதிவுல சொல்லப் போறேன். வாங்கற விஷயத்துக்கும் கடைசியில வருவேன், பயப்படாதீங்க.

முதல்ல வீட்டு நிலவரம். ஆரணிக்குப் பக்கத்துல முள்ளிப்பட்டு. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்குன்னு உங்கள்ல பல பேருக்குத் தெரிஞ்சிருக்கும். அந்தப் பட்டு ஆரணி டவுன்ல மட்டும் இல்ல, சுத்தியிருக்கற ஊருங்கள்லயும் நெய்யறாங்க. எங்க வீட்டுலயும் ஒரு தறி. குழித்தறி, மேல ஜக்கார்டு பெட்டி. தறி ரூம், அதுக்கு அடுத்து கூடம், கூடத்துல ஆயா படுக்கற கட்டில். மேல நாட்டு ஓடு. அதாவது தூசி மேலருந்தும் விழும், தறியிலருந்தும் வரும். ஆயாவுக்கு வீசிங் இருக்கு. அம்மாவுக்கு முதுகு வலி. பிரச்சினை இவ்ளோதான், ஆனா ரெண்டும் சின்னப் பிரச்சினை இல்ல.

நிற்க. இப்ப லண்டனுக்குப் போவோம்.

1901. ஹியூபர்ட் செசில் பூத்னு ஒரு எஞ்சினியர். தொங்கு பாலம், ராட்டினம் எல்லாம் டிசைன் பண்றவர். வியன்னாவுல இன்னிக்கும் சுத்திக்கிட்டு இருக்கற அந்தப் பெரிய ராட்டினத்துல இவர் கை இருக்கு. அவர் ஒரு நாள் துப்புரவு மெஷின் ஒண்ணோட செயல்முறை விளக்கம் பாக்கப் போறார். அந்த மெஷின் காத்தை ஊதி தூசியைக் கிளப்பும், கிளம்பின தூசி ஒரு பெட்டிக்குள்ள விழும்னு ஒரு நம்பிக்கை. பாதி விழுந்தது, பாதி சுத்தி இருந்தவங்க தலையில விழுந்தது. "ஊதறதுக்குப் பதிலா ஏன் உறிஞ்சக் கூடாது?"ன்னு பூத் கேட்டாராம். அதெல்லாம் நடக்காதுன்னு பதில் வந்ததாம்.

பூத் சும்மா இருக்கல. விக்டோரியா தெருவுல ஒரு உணவகத்துல உக்காந்து, நாற்காலி மெத்தை மேல கைக்குட்டையைப் போட்டு, வாயை வெச்சு உறிஞ்சினார். இருமலே வந்துடுச்சு. ஆனா கைக்குட்டையோட அடிப்பக்கம் கறுப்பா தூசி ஒட்டியிருந்தது. துணிதான் ஃபில்டர், வாய்தான் பம்ப். இன்னிக்குக் கடையில இருக்கற மெஷின் எல்லாத்துக்கும் அடிப்படை இதுதான்.

அவர் பண்ணின மெஷினைப் பாத்தா நீங்க சிரிப்பீங்க. பெட்ரோல் எஞ்சின், பம்ப், எல்லாத்தையும் ஒரு வண்டியில ஏத்தி, குதிரை பூட்டி இழுத்துட்டு வருவாங்க. வண்டி தெருவுல நிக்கும். நீள நீளமான குழாய் ஜன்னல் வழியா வீட்டுக்குள்ள போகும். நம்மூர்ல செப்டிக் டேங்க் லாரி வந்து நிக்குமே, அந்த மாதிரி. இதுல கூத்து என்னன்னா, பெரிய வீட்டுச் சீமாட்டிங்க இதை வேடிக்கை பாக்க டீ பார்ட்டி வெச்சாங்க. தூசி போறது தெரியணும்னே கண்ணாடி மாதிரி குழாய் போட்டிருந்தாங்க. சத்தத்துல குதிரைங்க மிரளுதுன்னு கேஸ் போட்டவங்களும் உண்டு. 1902ல ஏழாம் எட்வர்டு முடிசூட்டு விழாவுக்கு முன்னாடி வெஸ்ட்மின்ஸ்டர் அபே கம்பளத்தைச் சுத்தம் பண்ணினது இந்த மெஷின்தான். அதுக்கப்புறம் அரண்மனைக்கே வாங்கினாங்க.

கவனிங்க: இது வீட்டுச் சாமான் இல்ல. வண்டியோட ஆள் வந்து செஞ்சிட்டுப் போற சேவை. வீட்டுப் பொம்பளை கையில எதுவும் இல்ல. இது அப்புறம் முக்கியமாகும்.

மெஷின் வீட்டுக்குள்ள வந்த கதை அமெரிக்காவுல, ஒஹையோ மாநிலத்துல கேன்டன்கற ஊர்ல. ஜேம்ஸ் மர்ரே ஸ்பாங்லர்னு ஒருத்தர், ஒரு பெரிய கடையில கூட்டிப் பெருக்கற வேலை. வயசு அறுவதைத் தொட்டாச்சு. ஆஸ்துமா. கம்பளம் பெருக்கற தூசியில மூச்சு முட்டுது. வேலையை விடவும் முடியாது. 1907ல ஒரு ஃபேன் மோட்டார், ஒரு துடைப்பக் குச்சி, ஒரு தலையணை உறை, இதையெல்லாம் சேத்துக் கட்டி கையில தள்ளற மாதிரி ஒரு மெஷின் பண்ணினார். 1908ல பேடன்ட். ஹூவர்னு ஒரு குடும்பத்து அம்மா அந்த மெஷினைப் பயன்படுத்திப் பாத்துட்டு வீட்டுக்காரர்கிட்ட சொன்னாங்க. அவர் குதிரைச் சேணம் மாதிரி தோல் சாமான் பண்றவர். கார் வர ஆரம்பிச்சு குதிரை வியாபாரம் படுத்துக்கிட்டு இருந்த நேரம். ஸ்பாங்லர்கிட்ட பேடன்டை வாங்கிட்டார். நாம ஃபோட்டோகாப்பியை ஜெராக்ஸ்னு சொல்ற மாதிரி, இங்கிலாந்துல வாக்யூம் போடறதையே "ஹூவர் பண்றது"ன்னு சொல்ற அளவுக்கு அந்தப் பேர் நின்னுச்சு. ஸ்பாங்லர் பேர் நிக்கல.

எங்க ஆயா ராத்திரி இழுக்கற சத்தத்தைக் கேட்டுப் பழகினவன் நான். மூச்சு வாங்கற ஒரு துப்புரவுத் தொழிலாளி தன் நெஞ்சைக் காப்பாத்திக்கப் பண்ணின சாமான் இதுன்னு படிச்சப்ப, எக்செல் ஷீட்டை மூடி வெச்சிட்டேன்.

அடுத்தது சுவீடன். 1921ல எலக்ட்ரோலக்ஸ் கம்பெனி "மாடல் ஃபைவ்"னு ஒண்ணு விட்டது. சறுக்குக் கட்டை மேல படுத்துக்கிட்டு இருக்கற உருளை, நீளக் குழாய். பின்னாடி இழுத்துட்டு வரலாம். அதை வீடு வீடா போய்ச் செஞ்சு காட்டித்தான் வித்தாங்க. அதே எலக்ட்ரோலக்ஸ் 1982ல இங்க ஃபோர்ப்ஸோட கூட்டு சேந்ததுதான் யுரேகா ஃபோர்ப்ஸ். டை கட்டிக்கிட்டு, பெட்டியைத் தூக்கிக்கிட்டு, வீட்டு வாசல்ல வந்து நின்ன அந்தப் பையன்களை எண்பது தொண்ணூறுகள்ல நகரத்துல வளந்தவங்க மறந்திருக்க மாட்டீங்க. அக்வாகார்டு விக்கறதுக்கு முன்னாடியே அவங்க வித்தது யூரோகிளீன் வாக்யூம் கிளீனர்.

தண்ணி ஃபில்டர் வீட்டுக்கு வீடு வந்துச்சு. வாக்யூம் ஏன் அந்த அளவுக்கு வரல? என்னோட கணக்கு இது. மெஷின் பிறந்ததே கம்பளத்துக்காக. நம்ம வீட்டுல கம்பளம் ஏது? சிமெண்ட் தரை, ரெட் ஆக்சைடு, அப்புறம் டைல்ஸ். உள்ளுக்குப் பூந்துடைப்பம், வாசலுக்குத் தென்னை ஈர்க்கு விளக்குமாறு, அதுக்கப்புறம் ஈரத்துணி. ஈரத்துணி தூசியைப் பறக்க விடாம பிடிச்சுக்கும். கெட்டியான தரைக்கு இதைவிட மலிவான நல்ல வழி இன்னிக்கு வரைக்கும் இல்ல. மெஷினோட உண்மையான வேலை நம்ம வீட்டுல தரை இல்ல. மெத்தை, சோபா, ஜன்னல் கம்பி, ஓட்டுக்கு அடியில இருக்கற ஒட்டடை, எங்க வீட்டுல தறி.

தறின்னதும் இன்னொரு விஷயம். நூல் மில்லுக்குள்ள போனவங்க பாத்திருப்பீங்க, ஸ்பின்னிங் ஃப்ரேம் வரிசைக்கு மேல தண்டவாளத்துல ஒரு மெஷின் போயிக்கிட்டு வந்துக்கிட்டு இருக்கும். யானைத் தும்பிக்கை மாதிரி குழாய்ங்க தொங்கும். ஒரு குழாய் ஊதும், இன்னொண்ணு தரையில விழுந்த பஞ்சை உறிஞ்சும். பூத் பாத்த ஊதற மெஷினும் பூத் பண்ணின உறிஞ்சற மெஷினும் கடைசியில சேந்து குடித்தனம் பண்றது நூல் மில்லுல! பஞ்சுத் தூசி வருஷக்கணக்கா நெஞ்சுக்குள்ள போனா பிசினோசிஸ்னு ஒரு நோயே வரும். பட்டுத்தறியில அந்த அளவுக்குத் தூசி கிடையாது. ஆனா மில்லு வேற, வீடு வேற. எங்களுக்குத் தறி இருக்கற இடத்துலதான் சாப்பாடு, தூக்கம் எல்லாம்.

சரி, சரித்திரத்துல என்னை உலுக்கின பகுதிக்கு வர்றேன். ரூத் ஸ்வார்ட்ஸ் கோவன்னு ஒரு அமெரிக்க வரலாற்றாளர், 1983ல ஒரு புத்தகம் எழுதினாங்க. தலைப்பைத் தமிழ்ல சொன்னா "அம்மாவுக்கு இன்னும் வேலை". அவங்க கேள்வி: இவ்ளோ மெஷின் வந்தும் வீட்டுப் பொம்பளைங்க வேலை நேரம் ஏன் குறையல? வாக்யூம் வர்றதுக்கு முன்னாடி கம்பளத்தை வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவைதான் வெளிய தூக்கிப் போட்டு அடிப்பாங்க. நம்ம போகிக்கு வீட்டையே கொட்டிக் கவுக்கற மாதிரி. கனமான வேலைங்கறதால ஆம்பளைங்க, பசங்க எல்லாரும் கை குடுப்பாங்க. மெஷின் வந்துச்சு. வேலை லேசாயிடுச்சு. அதனால வாராவாரம் பண்ணலாம்னு ஆச்சு. லேசாயிடுச்சுங்கறதால ஆம்பளைங்களும் பசங்களும் நழுவிட்டாங்க. மிச்சம் இருந்தது அம்மா மட்டும்.

ஜோன் வானெக்னு இன்னொரு ஆய்வாளர் 1974ல எடுத்த கணக்கு: அமெரிக்காவுல வேலைக்குப் போகாத இல்லத்தரசி 1920கள்ல வாரத்துக்கு 52 மணி நேரம் வீட்டு வேலை பாத்தாங்க, 1960கள்ல 55. அவ்ளோ மெஷினும் வந்த பிறகு மூணு மணி நேரம் கூடியிருக்கு! நம்ம நாட்டுல 2024ல அரசாங்கம் எடுத்த நேரப் பயன்பாட்டு சர்வே என்ன சொல்லுதுன்னா, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யற பொம்பளைங்க ஒரு நாளைக்கு 289 நிமிஷம், ஆம்பளைங்க 88 நிமிஷம். அதுவும் அந்த வேலையில கையே வைக்காத ஆம்பளைங்க இந்தக் கணக்குல வரவே மாட்டாங்க.

இதையெல்லாம் அம்மாகிட்ட ஃபோன்ல ஆர்வமா சொன்னேன்.

"அதெல்லாம் சரிப்பா. அந்த மெஷினை யாரு தூக்குவா? யாரு பை கழட்டிக் கொட்டுவா?"

கோவன் புத்தகம் முழுக்கச் சொன்னதை அம்மா ஒரே மூச்சுல கேட்டுட்டாங்க. எக்செல் ஷீட்டுல "எடை"ன்னு புதுசா ஒரு காலம் போட்டேன். அதுக்குப் பக்கத்துல "யார்?"னு இன்னொரு காலம்.

இப்ப வாங்கறவங்களுக்கு உபயோகமா சில விஷயம்.

வாட்ஸ் பாத்து ஏமாறாதீங்க. வாட்ஸ்ங்கறது மெஷின் தின்ற கரண்ட், உறிஞ்சற சக்தி இல்ல. ஐரோப்பிய யூனியன்ல 2014ல 1600 வாட்ஸுக்கு மேல விக்கக் கூடாதுன்னாங்க, 2017ல அதை 900 ஆக்கினாங்க. அங்க யாரும் தூசியில மூழ்கிடல. பாக்க வேண்டியது உறிஞ்சும் அழுத்தம், காத்தோட அளவு ரெண்டும். இளநீர் ஸ்ட்ராவை நினைச்சுக்கோங்க. நாம இழுக்கறோம்னு தோணும், உண்மையில வெளியில இருக்கற காத்துதான் உள்ள தள்ளுது. எவ்ளோ நல்ல மெஷினும் வெளிக் காத்தோட அழுத்தத்தைத் தாண்டி எதையும் பண்ண முடியாது.

கரண்ட் பில்லுக்குப் பயப்பட வேணாம். 1400 வாட்ஸ் மெஷின் இருவது நிமிஷம் ஓடினா அரை யூனிட்டுக்கும் கீழதான். ஆனா அது ஆறு ஆம்பியர் இழுக்கும். பழைய வீட்டு வயரிங்னா பவர் பிளக் பாயின்ட்லயே போடுங்க.

வீட்டுல வீசிங் இருந்தா மத்ததை விட ஃபில்டர் முக்கியம். ஹெப்பா ஃபில்டர்ங்கறது 1940கள்ல அணுகுண்டுத் திட்டத்துல கதிரியக்கத் தூசியைப் பிடிக்க உருவானது. 0.3 மைக்ரான் துகள்ல 99.97 சதவீதத்தைப் பிடிக்கணும்கறது அதோட கணக்கு. ஃபில்டர் சரியில்லாத மெஷின் பெரிய தூசியை உள்ள வெச்சுக்கிட்டு, நெஞ்சுக்குள்ள போற சின்னத் தூசியைப் பின்னாடி வழியா வீடு முழுக்கப் பரப்பும். பை இல்லாத மாடல் செலவு மிச்சம்தான், ஆனா டப்பாவைக் கொட்டறப்ப ஒரு புகை எழும். அதை வீசிங் இருக்கறவங்க செய்யக் கூடாது. பை வெச்ச மாடல்னா பையோட எடுத்துப் போட்டுடலாம்.

ரோபோ? சமதரை வீட்டுக்கு நல்லா இருக்கும். எங்க வீட்டுல குழித்தறி. குழிக்குள்ள விழுந்துச்சுன்னா அப்பா அதையும் தூக்கிப் பாவுல கட்டிடுவார்.

தறி இருக்கற வீட்டுக்காரங்களுக்குத் தனியா ஒரு வார்த்தை. ஓடிக்கிட்டு இருக்கற பாவுக்குப் பக்கத்துல குழாயைக் கொண்டு போகாதீங்க. ஒரு இழை உள்ள போனா போதும், அன்னிக்குப் பொழப்பு போச்சு. குழிக்குள்ள, தறிக்கு அடியில, ஜக்கார்டு பெட்டிக்கு மேல மட்டும், அதுவும் பாவு அறுத்து இறக்கின அன்னிக்கு, மென்மையான பிரஷ் போட்டு. ஊதற வசதியைத் தறி ரூம்ல தொடவே வேணாம். 1901ல லண்டன்ல நடந்தது உங்க வீட்டுலயும் நடக்கும்.

கடைசியில வாங்கினது ஹெப்பா ஃபில்டரோட, பை வெச்ச, சக்கரம் இருக்கற ஒரு மாடல். பிராண்ட் சொல்லலை. எங்க வீட்டுக்கு ஒத்து வந்தது உங்க வீட்டுக்கு ஒத்து வரணும்னு இல்ல. தரை பெருக்கறது அதே துடைப்பம், அதே ஈரத்துணி. மெஷின் வேலை வாரம் ஒரு நாள்: ஆயா கட்டில், மெத்தை, ஓட்டுக்கு அடி. பாவு அறுக்கற அன்னிக்குத் தறி. அப்ப ஆயா பக்கத்து வீட்டுத் திண்ணையில இருப்பாங்க. மெஷினைத் தூக்கறதும் பை மாத்தறதும் அப்பா. நான் ஊருக்கு வர்ற வாரம் நான். இந்த ஒப்பந்தம் முடிவான பிறகுதான் பணம் கட்டினேன். இல்லேன்னா கோவன் எழுதின கதைக்கு முள்ளிப்பட்டுல இன்னொரு அத்தியாயம் ஆகியிருக்கும்.

ஆயாவுக்கு இன்னும் இன்ஹேலர் உண்டு, டாக்டர்கிட்ட போறதும் உண்டு. மெஷின் மருந்து இல்ல. மெத்தை தட்டறப்ப வர்ற இருமல் மட்டும் குறைஞ்சிருக்குன்னு அவங்களே சொல்றாங்க.

உங்க வீட்டுல வாக்யூம் கிளீனர் இருக்கா, இருந்தா பரண்ல இருக்கா, அதை யார் ஓட்டறாங்க? பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க. பரண்ல இருந்தா எதனால ஏறிச்சுன்னும் சேத்து எழுதுங்க, அடுத்து வாங்கப் போறவங்களுக்கு அதுதான் ரொம்ப உதவும்.