பிறந்த வீட்டை இரண்டு முறை விட்டுப் போனவர்

முகூர்த்த நாட்களில் சைதாப்பேட்டை கல்யாண மண்டபங்களில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த மணப்பெண், காரில் ஏறும் நேரத்தில் அம்மாவின் கையை விடாமல் அழுவாள். மனதில் ஆசையும் இருக்கும், பயமும் இருக்கும். அந்தப் பயம் பிரிவைப் பற்றியது மட்டும்தானா?

சைதாப்பேட்டைக்குப் பக்கத்தில் அடையாறில் இருக்கும் ஔவை இல்லத்தையும் புற்றுநோய் மருத்துவமனையையும் தொடங்கியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். அப்பா நாராயணசாமி ஐயர், கல்லூரி முதல்வர். அம்மா சந்திரம்மாள், இசை வேளாளர் குலத்தைச் சேர்ந்தவர். மகளுக்குச் சீக்கிரம் கல்யாணம் செய்துவிட வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. மகளின் ஆசையோ படிப்பு!

1907-ல் அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். பல பெண்கள் சிறு வயதிலேயே மணப்பெண்ணாகப் பிறந்த வீட்டை விட்டுப் போன காலம் அது. அவர் முதலில் வீட்டை விட்டுப் போனது மாணவியாக. 1912-ல் டாக்டர் ஆனார்.

அதன் பிறகும் கல்யாணம் என்றால் அவருக்குத் தயக்கம்தான். பெண்கள் ஆண்களுக்கு அடங்கியே வாழ்வதைச் சிறு வயது முதல் பார்த்து மனம் கசந்தவர் அவர். டாக்டர் சுந்தர ரெட்டி பெண் கேட்டபோது அவர் ஒரு நிபந்தனை வைத்தார். தன்னைச் சமமாக மதிக்க வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது. சுந்தர ரெட்டி சம்மதித்தார். 1914 ஏப்ரலில், 1872-ம் வருடத்துத் திருமணச் சட்டப்படி கல்யாணம் நடந்தது. அப்போது அவருக்கு வயது 27.

அந்த வாக்கு வீணாகவில்லை. இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான பிறகு, 1925-ல் மேல்படிப்புக்கு லண்டன் போனார். 1927-ல் சென்னை சட்டசபைக்கு நியமிக்கப்பட்டு அதன் துணைத் தலைவரும் ஆனார். தேவதாசி முறையை ஒழிக்கவும் பெண்களின் திருமண வயதை உயர்த்தவும் அங்கே போராடினார். 1930-ல், போக இடமில்லாத பெண்களுக்காக ஔவை இல்லத்தைத் தொடங்கினார்.

இன்று தமிழக அரசின் கலப்புத் திருமண உதவித் திட்டம் அவர் பெயரில்தான் இருக்கிறது.

பிறந்த வீட்டை விட்டுப் போகும்போது கண்ணீர் வருவது இயற்கை. அது பாசம். ஆனால் போகிற இடத்தில் தன் மதிப்பு என்ன ஆகுமோ என்கிற பயம் இயற்கை அல்ல. அந்தக் கேள்வியைத் தாலி ஏறுவதற்கு முன்பே கேட்டுவிடலாம் என்று 1914-லேயே ஒரு பெண் காட்டிவிட்டார்.