பூந்தமல்லி விடுதிப் போராட்டம் (2021)

ஆவடியில் 1961ஆம் ஆண்டு கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டபோது ஊழியர் குடியிருப்புகளும் உடன் அமைந்தன. 1964இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு மிதிவண்டியிலும் மின்சார இரயிலிலும் வந்தவர்கள் மாலையில் வீடு திரும்பினர். அதற்குப் பின் வளர்ந்த ஸ்ரீபெரும்புதூர் மின்னணு ஆலைகளின் நிலை வேறு. அங்கே வேலைக்கு வந்த இளம்பெண்களில் பெரும்பாலோர் வெளிமாவட்டக் கிராமத்தவர். அவர்களைத் தொழிலாளர் ஒப்பந்ததாரர்கள் தனியார் விடுதிகளில் தங்கவைத்தனர்.

ஐபோனில் இருப்பது ஆப்பிளின் பெயர். அதை இங்கே பொருத்தித் தருவது தைவானின் பாக்ஸ்கான். ஆட்களைச் சேர்ப்பது ஒப்பந்ததாரர். சோறு போடுவது விடுதிச் சமையற்கூடம். குறை நேர்ந்தால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்ட இந்த அடுக்கு வசதியாக இருந்தது.

2021 டிசம்பர் நடுவில் பூந்தமல்லி அருகிலுள்ள பாக்ஸ்கான் பெண் தொழிலாளர் விடுதி ஒன்றில் உணவு நஞ்சானது. 159 பெண்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். சிலர் இறந்துவிட்டதாக வதந்தி பரவியது. தோழியர் எங்கே என்ற கேள்விக்கு உரிய நேரத்தில் நம்பும்படியான பதில் கிடைத்திருந்தால் சாலைமறியல் நடந்திராது எனலாம். டிசம்பர் 17 இரவு தொடங்கிய மறியலால் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை முடங்கியது. சிகிச்சை பெற்றுவந்த பெண்களைக் காணொளி அழைப்பில் காட்டிய பிறகே, அவர்கள் உயிருடன் இருப்பதைப் போராடியவர்கள் நம்பினர்.

ஆலை மூடப்பட்டது. உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள் சமையற்கூடத்தில் எலிகளையும் மோசமான கழிவுநீர் வடிகாலையும் கண்டனர். தரையில் படுக்கை, தண்ணீர் வராத கழிப்பறை, நெருக்கடியான அறை ஆகியவை பற்றியும் செய்திகள் வந்தன. டிசம்பர் 29 அன்று, தொலைவிலுள்ள சில தங்குமிடங்களும் உணவுக்கூடங்களும் தன் விதிகளுக்கு ஏற்றவையாக இல்லை என ஆப்பிள் ஒப்புக்கொண்டு, ஆலையைத் தன் கண்காணிப்பின்கீழ் வைத்தது. வழங்குநர்களுக்கான நடத்தை விதிகளை ஆப்பிள் 2005இலேயே வெளியிட்டிருந்தது. தாளில் இருந்த அவ்விதி பூந்தமல்லிச் சமையற்கட்டை எட்டுவதற்கு நெடுஞ்சாலையை மறிக்க வேண்டியிருந்தது. மூடியிருந்த நாள்களுக்கும் ஊதியம் உண்டு, உள்ளூர் நிர்வாகம் மாற்றியமைக்கப்படும் என்று பாக்ஸ்கான் அறிவித்தது. 2022 ஜனவரி 12 அன்று சில நூறு பேருடன் ஆலை மீண்டும் திறந்தது.

பெண் தொழிலாளர் தங்குவதற்காக வல்லம் வடகாலில் 18,720 படுக்கைகள் கொண்ட வளாகம் ஒன்று 2024 ஆகஸ்டு 17 அன்று திறக்கப்பட்டது. ரூ.706.50 கோடியில் அதைக் கட்டியது ஆப்பிளும் அன்று, பாக்ஸ்கானும் அன்று. தமிழக அரசின் சிப்காட் நிறுவனம்.