போஸ்ட்கிரெஸ் தரவு வகைகளின் பரிமாற்ற வடிவம்: ஒரு வரலாறு

தரவுத்தளத்திற்கும் பயன்பாட்டு நிரலுக்கும் இடையே நிற்கும் கிளையன்ட் நூலகம், நிரலிலுள்ள மதிப்பைப் பைட் தொடராக மாற்றி அனுப்புவதைக் குறியாக்கம் என்றும், சர்வரிலிருந்து வரும் தொடரை மீண்டும் மதிப்பாக மாற்றுவதைக் குறிவிலக்கம் என்றும் வழங்குவர். இவ்விரு பணிகளும் வளர்ந்த வழியைப் போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளத்தின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

1986இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் தொடங்கிய, அதன் முன்னோடியான போஸ்ட்கிரெஸ் திட்டம், பயனர்கள் தாங்களே புதிய தரவு வகைகளைச் சேர்க்க இடமளித்தது. அதனால் ஒவ்வொரு வகையும் எழுத்துச் சரத்தை ஏற்கும் உள்ளீட்டுச் சார்பையும், சரமாகவே திருப்பித் தரும் வெளியீட்டுச் சார்பையும் தன்னுடன் கொண்டிருக்க வேண்டியதாயிற்று. எந்தப் புதிய வகையையும் சரமாகவேனும் பெற்றுக்கொள்ளலாம் என்ற உறுதி கிளையன்டுக்குக் கிடைத்தது.

ஆயினும் எண்களைச் சரமாக்கி, மறுமுனையில் மீண்டும் எண்ணாக்குவது வீண் உழைப்பு. அதைத் தவிர்க்க உதவிய பழைய பைனரி கர்சர், சர்வரின் நினைவகத்தில் இருந்த வடிவத்தையே அனுப்பியமையால், உயர்மதிப்புப் பைட்டை முதலில் வைக்கும் கணினியின் எண்ணை, அதைக் கடைசியில் வைக்கும் கணினி பிழையாகப் படிக்க நேர்ந்தது. 2003இல் வெளியான போஸ்ட்கிரெஸ்கியூஎல் 7.4 பதிப்பு, உயர்மதிப்புப் பைட்டே முதலில் வரவேண்டும் என்று பைனரி வடிவத்தை வரையறுத்ததோடு, கிளையன்டும் சர்வரும் பேசும் நெறிமுறையின் மூன்றாம் பதிப்பு வழியாக ஒவ்வொரு பத்திக்கும் எழுத்து வடிவம் அல்லது பைனரி வடிவத்தைத் தேர்ந்துகொள்ளும் உரிமையையும் வழங்கியது.

நேர மதிப்பில் மட்டும் சிக்கல் நீடித்தது. 2000 ஜனவரி 1 முதல் கணக்கிடப்படும் அம்மதிப்பின் எட்டுப் பைட்டுகள், சர்வர் தொகுக்கப்பட்ட முறைக்கேற்ப மைக்ரோவினாடிகளின் முழு எண்ணாகவோ வினாடிகளின் மிதவைப்புள்ளி எண்ணாகவோ இருக்கக்கூடும் என்பதால், நூலகங்கள் இணைப்பின் தொடக்கத்தில் சர்வரின் அமைப்பை அறிந்த பிறகே அவற்றைப் படிக்க முடிந்தது. 2009இல் 8.4 பதிப்பு முழு எண்ணை இயல்பாக்கியது. 2017இல் 10ஆம் பதிப்பு மற்றதை அறவே நீக்கியது.

தரவு வகைகளுக்குச் சர்வர் இடும் அடையாள எண்களிலும் இத்தகைய வேறுபாடு உண்டு. நான்கு பைட் முழு எண்ணுக்கு 23, உரைக்கு 25 என உள்ளமைந்த வகைகளுக்கு அவை நிலையானவை. பயனர் உருவாக்கிய வகைகளுக்கோ தரவுத்தளந்தோறும் மாறுபவை. ஆகவே அவற்றைச் சர்வரின் வகைப் பட்டியலில் தேடி அறிவதும், வரையறை தெளிவான வகைகளுக்கு மட்டும் பைனரியைக் கையாண்டு, அறியாத வகைகளை எழுத்து வடிவிலேயே பெறுவதும்தான் இவ்வரலாறு நூலக ஆசிரியர்களுக்கு வகுத்துத் தரும் நெறி.