முளவுகாட்டிலிருந்து தில்லிக்கு

ஊரைவிட்டுக் கிளம்புவது நம்ம ஜனங்களுக்குப் புதுசில்லை. பஞ்சம், கூலி, சாதிச்சண்டை என்று ஏதாவது ஒன்று விரட்டும். கோலார் தங்கவயலுக்கும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கும் ரங்கூனுக்கும் போனது பெரும்பாலும் அப்படித்தான். விரட்டப்படாமல், படிப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தானே ஊர் மாறிப்போன சேரிப்பெண் யார் என்று கேட்டால் நம் வரலாற்றாசிரியர்கள் வாய் திறக்கமாட்டார்கள். ரங்கூனில் பிறந்து சென்னைக்கு வந்த அன்னை மீனாம்பாளையாவது இங்கே சிலருக்குத் தெரியும். சென்னை மாகாணத்தின் பேரில் அரசியல் நிர்ணய சபைக்குப் போன தாட்சாயணி வேலாயுதனை எத்தனை பேருக்குத் தெரியும்?

கொச்சிக் காயலில், எர்ணாகுளத்துக்கு எதிரே கிடக்கிற முளவுகாடு என்ற தீவில் 1912 ஜூலை 4-இல் புலையர் குடும்பத்தில் பிறந்தவர். புலையர் என்றால் என்ன நிலைமை என்பதை நம்மவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வயலும் சேறும் அவர்களுடையது, விளைச்சல் மட்டும் அடுத்தவனுடையது. பொதுவழி நடக்கக்கூடாது, பெண்கள் மாரை மறைக்கக்கூடாது, கழுத்தில் கல்லுமாலை போட்டுக்கொண்டு அடிமை என்று தானே விளம்பரம் பண்ணிக்கொண்டு திரியணும். அந்தக் கல்லுமாலையை அறுத்தெறியச் சொல்லி அய்யன்காளி கொல்லம் பெரிநாட்டில் ஆயிரக்கணக்கான பெண்களைத் திரட்டியது 1915-இல்தான்.

அதற்கு இரண்டு வருசம் முந்தி, 1913-இல், கொச்சியில் ஒரு கூட்டம் நடந்தது. புலையர் கூடிப்பேச மண்ணில் இடம் கிடையாது. நிலமெல்லாம் ராஜாவுக்கும் சாதிக்காரனுக்கும் சொந்தம். அதனால் வள்ளங்களைக் காயலில் ஒன்றோடொன்று சேர்த்துக்கட்டி, மேலே பலகை போட்டுத் தண்ணீர்மேல் கூடினார்கள். தண்ணீருக்கு யார் பட்டா கேட்பது? அந்தக் காயல் சம்மேளனத்தை நடத்தியவர்களில் ஒருவர் கிருஷ்ணாதி ஆசான். தாட்சாயணியின் நெருங்கிய உறவினர். இவருக்கு அப்போது ஒரு வயசுகூட ஆகியிருக்காது. பிற்காலத்தில் தன் வரலாற்றை எழுத உட்கார்ந்தபோது ‘கடலுக்குச் சாதியில்லை’ என்ற பொருள்படத்தான் அதற்குத் தலைப்பு வைத்தார்.

பெயரையும் பார்க்கணும். அழகி, சக்கி, காளி, குறும்பா என்றுதான் புலையப் பெண்களைக் கூப்பிடுவது வழக்கம். தாட்சாயணி என்பது மேல்சாதி வீட்டில் வைக்கிற பெயர். அதைத் தூக்கித் தன் பிள்ளைக்கு வைத்த குடும்பம் அது. மேலாடை போட்டுப் பள்ளிக்கூடம் போன முதல் தலைமுறைப் பெண்களில் இவரும் சேர்த்தி.

தீவிலிருந்து எர்ணாகுளத்துக்குத் தோணி ஏறினால் கொஞ்ச நேரம்தான். ஆனால் அந்தத் தோணித் துறையைத் தாண்டி மகாராஜாஸ் கல்லூரி வாசலை மிதிப்பதற்கு எத்தனை தலைமுறை ஆயிற்று! அரசாங்க உதவித்தொகையில் வேதியியல் படித்தார். ஆய்வுக்கூடத்தில் சோதனை செய்து காட்டுவதற்கு மேல்சாதி ஆசிரியருக்கு மனசில்லை. மற்றவர்கள் செய்வதைத் தள்ளி நின்று பார்த்தே கற்றுக்கொண்டார். 1935-இல் பட்டம். இந்தியாவில் பட்டம் பெற்ற முதல் தலித் பெண் என்கிறார்கள். பிறகு சென்னைக்கு வந்து ஆசிரியர் பயிற்சியும் முடித்தார்.

படித்தால் சாதி போய்விடும் என்று இன்றைக்கும் நமக்குப் புத்தி சொல்ல ஆளிருக்கிறது. பட்டம் வாங்கி, திருச்சூர்ப் பக்கம் பள்ளிக்கூடத்து டீச்சராகப் போன இடத்தில் நடந்ததைக் கேளுங்கள். இருபக்கமும் நெல்வயல், நடுவில் ஒற்றையடி வரப்பு. எதிரே வந்த நாயர் பெண் இவரைச் சேற்றில் இறங்கி வழிவிடச் சொன்னாள். இவர் அசையவில்லை. போகணுமென்றால் நீயே வயலில் இறங்கிப் போ என்றுவிட்டார். கடைசியில் அவள்தான் இறங்கினாள். ஒரு வரப்பு என்று லேசாகச் சொல்லிவிடலாம். அந்த வரப்பில் தனியாக நின்ற பெண்ணுக்குத் தெரியும் அதன் நீளம்.

1940-இல் சேவாகிராமத்தில் காந்தி, கஸ்தூரிபா முன்னிலையில் வேலாயுதனோடு கல்யாணம். தொழுநோயாளி ஒருவர் புரோகிதர். 1945-இல் கொச்சி சட்டசபை, 1946-இல் அரசியல் நிர்ணய சபை. கொச்சி சமஸ்தானம் என்பதால் சென்னை மாகாணத்துச் சட்டசபைதான் இவரைத் தேர்ந்தெடுத்தது. 34 வயதில் தில்லி போனார். அந்தச் சபையில் பெண்களே பதினைந்து பேர்தான். அதில் தலித் இவர் ஒருவர் மட்டும்.

இங்கேதான் நமக்கும் அவருக்கும் வழக்கு. தாழ்த்தப்பட்டவர்களைச் சிறுபான்மை என்று சொல்வதை 1946 டிசம்பரிலேயே மறுத்தார். 1947 ஆகஸ்ட் 28-இல், தன் சமூகத்து ஓட்டில் இத்தனை சதவீதம் வாங்கினால்தான் தனித்தொகுதியில் ஜெயிக்கலாம் என்ற திருத்தத்தை நாகப்பா கொண்டுவந்தபோது எதிர்த்துப் பேசினார். பொருளாதார அடிமையாகக் கிடக்கிறவரை எந்தத் தொகுதியாலும் பயனில்லை என்பது அவர் வாதம். புனா ஒப்பந்தத்தில் நாம் இழந்ததை எண்ணிப்பார்க்கிற எவருக்கும் இது கசக்கும். எனக்கும் கசக்கிறது. சாதி இந்துவின் ஓட்டில் ஜெயித்த நம் ஆள் யாருக்கு வாய்திறப்பான் என்பதைத்தான் தினமும் பார்க்கிறோமே. ஆனால் இதைவைத்து அவரைக் காங்கிரசின் கைப்பாவை என்று ஒதுக்குவது சோம்பேறித்தனம். 1948 நவம்பரில் அரசியல் சட்ட வரைவு விவாதத்துக்கு வந்தபோது, 1935-ஆம் வருசத்துச் சட்டத்தையே பெரும்பாலும் தழுவியிருக்கிறது, அதிகாரமெல்லாம் மத்தியில் குவிகிறது என்று சபையிலேயே குறை சொன்னார். முன்மொழிந்தவர் பாபாசாகேப், பெரும்பான்மை காங்கிரஸ். இரண்டு பக்கத்துக்கும் பயப்படவில்லை. அதே மாதம் 29-இல் தீண்டாமை ஒழிப்புப் பிரிவு வந்தபோது ஆதரித்துப் பேசினார். சட்டத்தைவிட, ஜனங்கள் நடந்துகொள்வதில்தான் அது நிற்கும் என்றார்.

1952-க்குப் பிறகு அவர் நாடாளுமன்றத்தில் இல்லை. கணவர் முதல் மக்களவையில் இருந்தார். ஐந்து பிள்ளைகள். சபையில் பேசிய அந்த அம்மாள் ஆயுள் காப்பீட்டுக் கழகத்தில் வேலைக்குப் போய்ச் சம்பாதித்தார். தலைவர்கள் வரலாற்றில் இந்தப் பகுதியை யாரும் எழுதுவதில்லை. வீட்டு வாடகை, பிள்ளைகள் படிப்பு, மொழி தெரியாத ஊர், கூப்பிட்டால் ஓடிவரச் சொந்தபந்தம் பக்கத்தில் இல்லை. தில்லியில் பிழைக்கப்போன நம் பெண்கள் அத்தனை பேருக்கும் இது தெரியும். சபையில் பேசிய பேச்சு அச்சில் நிற்கிறது, ஆபீசுக்குப் போய்வந்த வருசங்கள் எந்த ஆவணத்தில் இருக்கிறது?

1971-இல் கேரளத்து அடூர் தொகுதியில் நின்று தோற்றார். திரும்பவும் தில்லிதான். அங்கே துப்புரவு வேலைசெய்கிற பெண்களோடு பழகி, அவர்களிடையே வேலைசெய்தார். 1977-இல் தலித் பெண்களைக் கூட்டி மாநாடு நடத்தி, மகிளா ஜாக்ரிதி பரிஷத் என்ற அமைப்பைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 65. அடுத்த வருசம் ஜூலை 20-இல் இறந்துபோனார். அவர் பேரில் விருது கொடுக்கக் கேரள அரசு 2019-இல் முடிவுசெய்தது.