சூழலியல் பொறியியல் கல்வி: மலாக்காத் தோட்டங்களில் அதன் முன்கதை

மண்ணையும் நீரையும் சிமெண்டால் கட்டிப்போடாமல் செடி, கொடி, நுண்ணுயிர்களைக் கொண்டே சீர்செய்யும் துறை சூழலியல் பொறியியல். அமெரிக்க அறிஞர் ஹோவர்ட் ஓடம் 1960களில் இப்பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். வில்லியம் மிட்ச், ஸ்வென் யோர்கன்சன் தொகுத்த நூல் 1989இல் வெளிவந்த பின்பே அது தனிப் பாடத்துறையாக வேரூன்றியது. மலாக்காவின் மலைச்சரிவுகளில் அந்தப் பாடம் பெயரில்லாமலே வெகுநாள் முன்பு தொடங்கிவிட்டது.

மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டத்தை டான் சாய் யான் என்பவர் 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் போட்டார். அடுத்து புக்கிட் அசஹான். அக்காலத் துரைமாருக்குப் புல்பூண்டு இல்லாத வெறுந்தரைதான் நல்ல தோட்டத்தின் அடையாளம். தமிழ்த் தொழிலாளர்கள் நாள் முழுக்கக் குனிந்து களை கொத்தினார்கள். கொத்திய தரையில் மழை அடித்ததும் மேல்மண் கரைந்து ஓடைக்குப் போனது.

1925இல் அமைந்த ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் காலத்தில் இதற்கு மாற்று வலுப்பெற்றது. பியூரேரியா, கலோபோகோனியம், சென்ட்ரோசீமா ஆகிய பயற்றினக் கொடிகளை நிரைகளுக்கிடையே படரவிட்டார்கள். கொடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேரில் சிறு முடிச்சுகள் ஒட்டியிருக்கும். நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு. காற்றின் நைட்ரஜனை மண்ணுக்கு உரமாக்கும் பாக்டீரியாவின் வீடு அது. சரிவில் குழி வெட்டி, ஓடிவரும் மண்ணையும் பிடித்துவைத்தார்கள். கொடி நட்டதும் குழி வெட்டியதும் தோட்டத் தொழிலாளர்களே. அவர்களையும் இத்துறையின் வரலாற்றில் சேர்க்காவிட்டால் அந்த வரலாறு முழுமையாகாது.

1931இல் வேளாண் பள்ளியாகத் தொடங்கி, 1971இல் பல்கலைக்கழகமான செர்டாங் நிறுவனம் வேளாண் அறிவை வகுப்பறைப் பாடமாக்கியது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது ஆலைக் கழிவு பெருஞ்சிக்கலாயிற்று. 1977ஆம் ஆண்டு விதிகளின்படி, லிட்டருக்கு 5,000 மில்லிகிராமாக இருந்த உயிர்வேதி ஆக்சிஜன் தேவையின் வரம்பு 1984க்குள் 100 ஆக இறக்கப்பட்டது. அதற்குக் கைகொடுத்தவை, கழிவைப் படிப்படியாகச் சுத்திகரிக்கும் வரிசைக் குளங்கள். முதற்குளம் கருத்துக் குமிழிவிடும். கடைசிக்குளம் பாசியால் பச்சையாயிருக்கும்.

இன்று மாணவர்களுக்குக் காட்டப்படும் பெரிய எடுத்துக்காட்டு புத்ராஜெயா நகரின் ஈரநிலம். 1990களின் இறுதியில் உருவான அதன் 24 பாத்திகளிலுள்ள நாணலும் கோரையும் சுவாவ் ஆற்று நீரை வடிகட்டி ஏரிக்கு அனுப்புகின்றன. அந்நகரம் எழுந்தது பிராங் பெசார் தோட்ட நிலத்தில். 'பிபி 260' முதலான ரப்பர் ரகங்களின் பெயரில் உள்ள 'பிபி' அத்தோட்டத்தின் முதலெழுத்துகளே. அங்கே லயங்களில் தலைமுறைகளாக வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் டிங்கில் அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்க்கப்பட்டன.